ஓய்வென்னும் கரை

உழைத்து உண்போர் ஒவ்வொருவரிடத்தும் வெளியே சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. ‘இன்னும் எத்தனை ஆண்டு?’ என்பதே அக்கணக்கு. தோட்டத்து அலுவலகத்தில் சம்பளப் பேரேடும் சேமநிதிப் பத்திரங்களும் எழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நாம், அக்கணக்கைப் பிறர் முகத்தில் நாள்தோறும் படிக்கின்றோம். ஐம்பத்தைந்து வயதை நெருங்கும் தொழிலாளி, மாதம் ஒருமுறையேனும் நம் மேசையண்டை வந்து நின்று, தம் பெயரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதெனக் கேளாமற் போவதில்லை. அக்குரலில் ஆசையும் இருக்கும், அச்சமும் இருக்கும்.

இவ்வாசையும் அச்சமும் நம்மவர்க்கே உரியன அல்ல. பூமியின் மறுபுறத்தில், அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள லூசியானா மாநிலத்தில், கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் தொழிலாளி ஒருவரும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். நம்மைவிடப் பன்மடங்கு கூலி பெறுபவர் அவர். எனினும் அவர் கணக்கு நம் கணக்கினும் எளிதாக இல்லை. அவர் உழைப்பையும், உணவையும், ஓய்வைப் பற்றிய எண்ணங்களையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அவரை நாம் அறிந்த விதத்தை முதலிற் கூறிவிடுவோம். கடலில் எண்ணெய்த் துளையிடும் மேடைகள் பல, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளில் கட்டப்பட்டு உலகெங்கும் சென்றுள்ளமை வாசகர்கள் அறிந்ததே. நம் மைத்துனர் அத்தகைய பட்டறையொன்றில் வெல்டிங் வேலை செய்பவர். 2013ஆம் ஆண்டில், கட்டி முடிந்த மேடையொன்றைச் சோதித்துப் பார்க்க வந்த குழுவில் லூசியானாக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு அப்பொழுது வயது ஐம்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று மைத்துனர் அவரைப் பாலம் கடந்து, ஜொகூரிலுள்ள நம் செம்பனைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். ஆங்கிலம் வழியே பயின்றவர் என்பதனால் அவரோடு உரையாடும் பொறுப்பு நமக்கு வாய்த்தது.

நம் தாயார் நண்பகலில் சோறும், வெண்டைக்காய்க் குழம்பும், இறால் வறுவலும் படைத்தார். வந்தவர் இலையைப் பார்த்து ஒரு கணம் பேசாதிருந்தார். பின்னர், தம் வீட்டிலும் வெண்டைக்காயையும் இறாலையும் குழம்பாக்கிச் சோற்றின்மேல் ஊற்றியே உண்பதாகக் கூறினார். “வெள்ளைக்காரருமா சோறு உண்கிறார்?” என்று தாயார் நம்மைத் தமிழில் வினவினார். நாம் அதனை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்து, இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்று கையால் காட்டினார். அன்று தொடங்கிய நட்பு, கடிதத்தாலும் தொலைபேசியாலும் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பாராகையால், ‘அன்பர்’ என்றே குறிப்போம்.

நிற்க. அன்பரின் வேலை பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் கரையில் என்னும் முறைப்படி நடப்பது. புறப்படும் நாளில் விடியுமுன்னரே ஹெலிகாப்டர் நிலையத்தை அடைய வேண்டும். ஆங்கே பையை மட்டுமன்றி ஆளையும் நிறுத்து எடை குறித்துக்கொள்வர். ஹெலிகாப்டர் கடலில் விழுந்து தலைகீழாய்க் கவிழ்ந்தால், இருக்கைப் பட்டையை அவிழ்த்துக்கொண்டு நீரினடியிலிருந்து வெளியேறுவது எங்ஙனம் என்பதற்கும் முன்கூட்டியே பயிற்சி உண்டு. மேடையில் இறங்கியபின் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு சாரார் பகலிலும், மற்றொரு சாரார் இரவிலும் உழைப்பர். எஞ்சிய பன்னிரண்டு மணியில் உண்பதும், குளிப்பதும், உறங்குவதும், வீட்டோடு பேசுவதும் அடங்க வேண்டும். மது அருந்துதல் அறவே கூடாது. எண்ணெயும் வாயுவும் உள்ள இடமாதலால், புகைப்பதும் குறித்த இடத்தில் மட்டுமே.

கிராணி புத்தி நம்மை விடாது. பதினான்கு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணியென்றால் 168 மணி. ஒரு வாரத்திலுள்ள இரவு பகல் அனைத்தையும் கூட்டினாலும் 168 மணிதான். ஆகவே இரு வாரத்தில் ஒரு முழு வாரத்தைத் தூக்கமின்றி உழைத்தாற் போன்றது அவர் வேலை. அன்பர் 1982ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில் இத்தொழிலிற் புகுந்தவர். வேலையின்றிக் கழிந்த காலத்தை நீக்கினாலும், வாழ்நாளில் ஏறக்குறைய இருபது ஆண்டைக் கடல்மீது கழித்திருக்கிறார். மூன்று பிள்ளைகளுள் இருவர் பிறந்தபொழுது அவர் வீட்டில் இல்லை. தந்தையார் இறந்தபொழுதும் இல்லை. கரைக்கு வந்த முதல் இரண்டு நாள் உறக்கத்திலும், கடைசி இரண்டு நாள் புறப்படும் நினைவிலும் போய்விடுமாகையால், தமக்குக் கிட்டுவது பதினான்கன்று, பத்தே நாள் என்று ஒருமுறை எழுதியிருந்தார். வீட்டு வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு, புயல் வருங்கால் சன்னல்களுக்குப் பலகை அடிப்பது முதலிய யாவற்றையும் ஏற்று நடத்தியவர் அவர் மனைவியாரே. ‘நான் சம்பாதித்தேன், குடும்பம் நடத்தியவள் அவள்’ என்பது அன்பரின் வாக்கு. நம் ஆடவரும் இதனைக் கருதுவாராக.

இத்துணை வருத்தத்திலும் மனிதனை மனிதனாக வைத்திருப்பது எது? அன்பரின் விடை, ‘சமையற்கட்டு’ என்பதே. மேடையில் நாளுக்கு நான்கு வேளை உணவு. இரவுத் தொழிலாளர்க்காக நள்ளிரவிலும் அடுப்பு எரியும். தம் மேடையில் சமைப்பவர் லூசியானாவின் கேஜன் இனத்தவராய் அமைந்துவிட்டால், பதினான்கு நாள் பத்து நாளாய்க் குறைந்துவிடும் என்கிறார். வெள்ளிக்கிழமையில் மீன் அல்லது இறால். ஞாயிற்றுக்கிழமையில் கம்போ என்னும் குழம்பு.

கம்போ வைக்கும் முறையை அவர் நம் தாயாருக்காக விரிவாக எழுதி அனுப்பினார். முதலில் கோதுமை மாவை எண்ணெயிலிட்டுச் சிறு தீயில் கிளற வேண்டும். கை ஓயாமல் கிளறினால் அது பொன்னிறமாகிப் பின் கரும்பழுப்பாகும். இதற்கு ‘ரூ’ என்று பெயர். இடையில் தொலைபேசி மணி அடித்தாலும் அகப்பையை விடலாகாது. விட்டால் கருகும், கருகினால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். பின்னர் வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு ஆகிய மூன்றையும் நறுக்கி அதிலே வதக்குவர். இம்மூன்றும் சேராத கேஜன் சமையல் அரிது. அதன்மேல் கோழியும் புகையூட்டிய பன்றித் தொடரியும், அல்லது இறாலும் நண்டும் சேரும். குழம்பைத் தடிப்பாக்க வெண்டைக்காயோ, சாசஃப்ராஸ் மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடியோ சேர்ப்பர். முடிவில் அது சோற்றின்மேல் ஊற்றப்படும். சோறில்லாமல் கம்போ இல்லை.

இக்குழம்பின் உள்ளே ஒரு சரித்திரமே கிடக்கிறது. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்தது. ‘கம்போ’ என்னும் பெயரே அக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பிறந்ததென்பர். இலைப்பொடி, அம்மண்ணின் பூர்வகுடிகளான சோக்டா மக்கள் கற்பித்தது. ரூ பிரெஞ்சுக்காரர் கொணர்ந்தது. அடிமையும், பூர்வகுடியும், நாடு கடத்தப்பட்டவனும் ஒரே பானையில் கூடியிருக்கின்றனர். தனக்கென்று தனித் தூய்மை பேசும் சாதிச் சமையலுக்கு இப்பானையைக் காட்டிலும் சிறந்த மறுப்பு வேறு வேண்டுமோ?

நாடு கடத்தப்பட்டவர் என்றோமே, கேஜன் மக்கள் அங்ஙனம் வந்தவர்களே. இவர்தம் முன்னோர் இன்று கனடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாப் பகுதியில், அக்காடியா என வழங்கிய நாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர். பிரிட்டிஷ் அரசுக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால், 1755ஆம் ஆண்டு முதல் வீடு வாசல் பறிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். அவருள் ஒரு பகுதியார், பத்தாண்டு அலைச்சலுக்குப் பின் லூசியானாவின் சதுப்பு நிலங்களை அடைந்தனர். அக்காடியர் என்னும் பெயரே வாய்வழக்கில் கேஜன் எனத் திரிந்தது. மீன் பிடித்தும், இறால் வாரியும், நெல் பயிரிட்டும், ‘பாயு’ என்னும் மெல்லோடும் நீர்க்கால்களின் கரையில் பிரெஞ்சு பேசி வாழ்ந்தனர்.

அம்மொழிக்கும் இடையூறு வந்தது. 1921ஆம் ஆண்டின் லூசியானா அரசியற் சட்டம், பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழியென விதித்தது. வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் அறியாத குழந்தைகள், பள்ளி வளாகத்தில் அதனைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். ‘இனிப் பிரெஞ்சு பேசமாட்டேன்’ என்று நூற்றுக்கணக்கான வரி எழுதுமாறு ஏவப்பட்டவர் பலர். அன்பரின் தாயாரும் அவருள் ஒருவர். அடிபட்ட அத்தாய், தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைப் பேசாமலே வளர்த்தார். 1968இல் மாநில அரசு பிரெஞ்சு மொழி வளர்ச்சிக்கென ஒரு மன்றத்தை நிறுவியபொழுது, ஒரு தலைமுறை ஏற்கெனவே ஊமையாகியிருந்தது. அன்பருக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களெல்லாம் அடுக்களைச் சொற்களே. பானை, அகப்பை, பசி, போதும்! ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்தாலேயே இந்நாற்காலியைப் பெற்ற நாம் இதனைப் படித்தபொழுது, நம் பிள்ளைகள் வீட்டில் எம்மொழி பேசுகின்றனர் என்று ஒருகணம் செவி கொடுத்துக் கேட்டோம்.

இனி, எண்ணெயின் கதைக்கு வருவோம். லூசியானாவில் முதன்முதல் எண்ணெய் பீறிட்டது 1901இல், ஜென்னிங்ஸ் என்னும் ஊரருகே ஒரு நெல்வயலில்! சோறு விளைந்த மண்ணே எண்ணெயும் தந்தது. பின்னர்ச் சதுப்பு நிலத்திலும், 1947இல் கரை கண்ணுக்கெட்டாத கடலிலும் கிணறு தோண்டினர். கரையிலிருந்து ஏறக்குறைய பத்து மைல் தொலைவில் அன்று தோண்டிய அக்கிணறே, இன்றைய பெருமேடைகளுக்கெல்லாம் முன்னோடி. மீன்பிடி படகோட்டிகளே எண்ணெய்ப் படகோட்டிகளாயினர். மோர்கன் சிட்டி என்னும் ஊரில் ஆண்டுதோறும் இறாலுக்கும் எண்ணெய்க்கும் சேர்த்தே ஒரு விழா எடுக்கின்றனர் என்றால், இரண்டும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

எண்ணெய் கொடுத்ததை எண்ணெயே பறித்ததும் உண்டு. 1986இல் விலை பீப்பாய்க்குச் சுமார் 10 டாலர் வரை சரிந்தபொழுது வேலையிழந்தோர் எண்ணிலர். அன்பரும் தந்தையாரின் இறால் படகுக்கே திரும்பினார். மறுபடி வேலை கிட்ட மூன்று ஆண்டாயிற்று. செம்பனை விலையும் ரப்பர் விலையும் ஏறி இறங்கக் கண்ட நமக்கு இது புதுக்கதையன்று. பின்னர் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாளிரவு, டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் மேடை வெடித்துப் பதினொருவர் மாண்டனர். கிணற்றை அடைக்க 87 நாள் சென்றன. அன்பர் அன்று வேறொரு மேடையில் இருந்தார். அந்நாள் முதல், அவர் ஹெலிகாப்டர் நிலையத்திலிருந்து பேசும்வரை மனைவியார் காலையில் காப்பி குடிப்பதில்லை.

இவ்வளவையும் பொறுத்தது எதற்காக? ஓய்வுக்காகத்தான். அந்நாட்டில் 1935ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சமூகக் காப்புறுதி ஒன்றுண்டு. 1960க்குப் பின் பிறந்தவர் அதனை முழுமையாகப் பெற 67 வயதாக வேண்டும். 62 வயதிலேயே கேட்டால் நூற்றுக்கு முப்பது குறைத்துத் தருவர். இதனோடு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தனிச் சேமிப்பு முறையும் உண்டு. தொழிலாளி சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்க, முதலாளி தன் பங்கைச் சேர்ப்பதும் உண்டு. அப்பணம் பெரும்பாலும் பங்குச் சந்தையில் இடப்படும். சந்தை ஏறினால் ஓய்வு நெருங்கும். இறங்கினால் தள்ளிப் போகும். 2008இல் சந்தை வீழ்ந்தபொழுது, அறுபதில் நிற்பதென்றிருந்த தம் திட்டம் பேரேட்டிலிருந்து அழிந்து போயிற்று என்று எழுதினார் அன்பர்.

அவர் விரும்பிய ஓய்வு ஆடம்பரமானதன்று. பாயுவின் கரையில் கால்நட்டு உயர்த்திக் கட்டிய பலகை வீடு. அதனை அங்கே ‘கேம்ப்’ என்பர். ஒரு சிறு படகு, நண்டுக் கூடு, ஒரு பெரிய இரும்புப் பானை. வசந்த காலத்தில் பேரப்பிள்ளைகளைக் கூட்டி, நெல்வயல் நீரில் வளர்த்த கிராஃபிஷ் என்னும் நன்னீர் இறாலைக் காரமிட்டு அவித்து, மேசைமீது தாள் விரித்துக் கொட்டிக் கையால் உண்ண வேண்டும். இவ்வளவே அவர் கேட்டது. கேம்பையும் கட்டிவிட்டார்.

ஆனால் கரை எங்கே? இங்கேதான், அன்பர்களே, இக்கதையின் கசப்பு இருக்கிறது. லூசியானாவின் கரையோர நிலம் கடலில் கரைந்துகொண்டிருக்கிறது. 1932க்கும் 2016க்கும் இடையே மறைந்த நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர்த் தீவு போன்ற ஆறு தீவுகள் முழுகின என்று கொள்க. காரணம் ஒன்றன்று. வெள்ளத்துக்கு அஞ்சி மிசிசிப்பி ஆற்றுக்குக் கரை எழுப்பியதால், ஆண்டுதோறும் ஆறு பரப்பிய வண்டல் நின்றது. நிலமும் தானே அமிழ்கிறது. கடல் மட்டமும் உயர்கிறது. இவற்றோடு, எண்ணெய்க் கிணறுகளுக்குப் படகு செல்லவும் குழாய் பதிக்கவும் சதுப்பு நிலத்தைக் கிழித்து ஆயிரக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டினர். அவ்வாய்க்கால் வழியே உப்புநீர் உட்புகுந்து நன்னீர்ப் புல்லைக் கொன்றது. வேர் செத்தபின் மண்ணைப் பிடித்திருப்பது யாது? அன்பர் சிறுவனாய் ஏறி விளையாடிய ஓக் மரங்கள் இன்று உப்பேறி, இலையின்றி, வெள்ளெலும்புபோல் நீரில் நிற்கின்றன. ஜான் சார்ல்ஸ் தீவு என்னும் இடத்துப் பூர்வகுடி மக்களுக்கு வேற்றிடம் தர 2016இல் மத்திய அரசு 48 மில்லியன் டாலர் ஒதுக்க, 2022 முதல் அவர்கள் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஐடா என்னும் புயல் ஃபோர்ஷான் துறைமுகத்தருகே கரையேறியது. அன்பரின் கேம்பில் எஞ்சியவை ஆறு தூண்களும் இரும்புப் பானையும். வீட்டின் கூரையும் போயிற்று. காப்புறுதிப் பணம் செலவுக்குப் போதவில்லை. மறு ஆண்டு காப்புறுதிக் கட்டணம் மட்டும் ஏறியது. சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக் கூரை வேய்ந்தார். அதனாலேயே, அறுபதைக் கடந்தும் இன்னும் ஹெலிகாப்டர் ஏறுகிறார்.

நாம் அவரிடம் ஒரு வினாவைத் தயக்கத்தோடு எழுதிக் கேட்டோம்: நிலத்தைக் கரைத்த தொழிலுக்கே வாழ்நாளைக் கொடுத்தீரே, மனம் நோகவில்லையா? பதில் வர ஒரு மாதமாயிற்று. தம் பிள்ளைகளைப் படிக்கவைத்தது அவ்வெண்ணெயே என்றும், தம் தந்தையாரின் கல்லறைக்குச் செல்லப் படகு தேவையாக்கியதும் அதுவே என்றும், இரண்டையும் ஒரே வாயால் சொல்லக் கற்றுக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். வேறு சமாதானம் கூறவில்லை. நாமும் கூறத் துணியவில்லை.

ஆயினும் அக்கடிதத்தின் பிற்பகுதி வேறு வகையாய் இருந்தது. கேம்பை மறுபடி கட்டப் போவதில்லையாம். ‘ஓய்வு பெற்றபின் செய்வேன்’ என்று ஒதுக்கி வைத்தவற்றைப் பட்டியலிட்டு, பணமும் கேம்பும் இல்லாமலே ஆகக்கூடியவை எவை என்று மனைவியாரும் தாமும் அடிக்கோடிட்டனராம். பேத்தி, பாடங்களைப் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் பள்ளியொன்றில் படிக்கிறாள். கரையிலிருக்கும் வாரங்களில் மாலைதோறும் அவளிடம் பாடம் கேட்கிறார். அவள் இலக்கணம் சொல்ல, இவர் கம்போ கிளறுகிறார். தாயார் வாயில் பூட்டிய மொழியைப் பேத்தி வாயால் திறந்து கேட்பதற்கு 67 வயது வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. மேடையில் இளைஞர் இருவருக்கு ரூ கிளறவும் கற்றுக்கொடுத்திருக்கிறாராம்.

இதிலிருந்து நம்மவர் கொள்ளத்தக்கது யாது? நம் நாட்டில் ஊழியர் சேமநிதி 1951 முதல் உள்ளது. 55 வயதில் எடுக்கலாம். நல்ல ஏற்பாடே. ஆனால் தோட்டங்கள் பலவற்றில் வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். அன்பருக்கு வீடு உண்டு. அடியில் நிலம் நழுவுகிறது. நம் தொழிலாளிக்கு நிலம் உறுதி. அதன்மேல் வீடு இல்லை. நாற்பதாண்டு உழைத்தவன் கடைசியில் கால் ஊன்ற ஓர் இடம் கேட்பது பேராசையன்று என்பதில் இருவர் வழக்கும் ஒன்றே. ஆதலின், சொந்த வீட்டுக்கான முயற்சியை ஐம்பத்தைந்தாம் வயதுக்கு ஒத்திவையாதீர். இன்றே மனைவியோடு அமர்ந்து கணக்குப் பாருங்கள். வீட்டை இருவர் பெயரிலும் எழுதுங்கள். ஒருவரால் ஆகாததைச் சங்கமாய்க் கூடிக் கேளுங்கள். திருவிழாவுக்கும் கலியாணப் பந்தலுக்கும் வாங்கும் கடன், அவ்வீட்டின் செங்கல்லையே தின்கிறது.

பணத்தால் ஆகாத பங்கும் உண்டு. பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்பது, தாயாரின் கைப்பக்குவத்தை அறிந்துகொள்வது, மனைவியின் பேச்சை அமர்ந்து கேட்பது போன்றவற்றுக்குச் சேமநிதிப் பத்திரம் வேண்டியதில்லை. அவற்றை வேலைக்காலத்திலேயே தொடங்காதவனுக்கு, ஓய்வு நாள் வெறும் விடுப்பு நாளாகவே வந்து சேரும். அன்பருக்கு இன்னும் சில ஆண்டு கடல் உண்டு. அடுத்த கடிதத்தில், பேத்தி தமக்கு எத்தனை மதிப்பெண் இட்டாள் என்பதை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.